எட்டு போல் இருக்கும் நான்கு

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
பழைய லாட்ஜை இடித்தபோது
கட்டில்களெல்லாம் ஒரே லாரியில் போய்விட்டன.
மேசை ஒன்று மட்டும்
கொசப்பேட்டை இலியாஸ் பாய் கடைவாசலில்
இரண்டு நாள் வெயில் தின்றுகொண்டிருந்தது.
எழுநூறு சொன்னார்.
ஐநூற்றைம்பதுக்கு ஏற்றிவந்தேன்,
ஆட்டோக்கூலி தனி.

தேக்கில்லை, வேம்பு.
மேலே கெட்டில் சுட்ட வட்டங்கள்
ஒன்றையொன்று கடித்துக்கொண்டு.
டிராயருக்குள் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.
பதினோரு வருஷம் மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்பவனுக்கு
அது எதற்கான மாத்திரை என்று தெரியாமலா?
ஷீபா பார்ப்பதற்குள் குப்பையில் போட்டேன்.

பெனிட்டாவுக்கு நாலு வயசு.
மேசை அவள் மூக்குக்கு நேரே நின்றது.
"இன்னா சார், நல்லா கீற காலப் போய் வெட்றீங்க"
என்றான் ரம்பம் இரவல் தந்த வரதன்.
சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
எங்கள் தெருவில்
பாதி வீடு நோயாளிகளுக்கு வாடகைக்கு விட்டது.

சுவரோரம் சாய்த்துவைத்து அறுத்தேன்.
நிறுத்தினால் ஒரு கால் நொண்டியது.
அதற்காக மற்ற மூன்றிலும் அரை அங்குலம்.
இப்போது வேறொன்று நொண்டியது.
மறுபடி.
"இன்னும் ரெண்டு தரம் அறுத்தா
பாயா விரிச்சுப் படுத்துக்கலாம்" என்றாள் ஷீபா.
கடைசியில் மருந்துக் கவரை நாலாய் மடித்து
அடியில் சொருகினேன்.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள், பிறகு நூற்றிருபது.
தும்மல்.
வட்டங்கள் போகவில்லை.
ஷீபா அவற்றின்மேலேயே பெயிண்ட் அடித்தாள்:
ஒன்று தோசை,
ஒன்று காட்பாடி ஸ்டேஷன் கடிகாரம்,
இரண்டு சேர்ந்தது சைக்கிள்.
ஓரத்தில் துளை போட்டு டப் இறக்கினோம், மணல் விளையாட.
"பாலாத்து மணலா? நல்லா கேட்ட போ"
என்று கொத்தனார் எம்-சாண்ட் அள்ளிக் கொடுத்தார்.
கழுவிக் காயவைத்துக் கொட்டினோம்.
பெனிட்டா அதில் ஓர் ஆறு தோண்டி
தண்ணீரும் விட்டாள்.

ஆனால் பத்து நிமிஷம்தான்.
பிறகு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.
"அப்பா, இங்க யாரோ எழுதி வெச்சிகீறாங்க."

நானும் நுழைந்தேன்.
தலையும் தோளும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே.
அடிப்பலகையில் பென்சில்.
மல்லாந்து படுத்தால் மட்டுமே எழுத முடிகிற இடத்தில்
வால் பெரிய மீன் ஒன்று,
பக்கத்தில் கோணல்மாணலாய் ஒரு கூட்டல்.
எட்டும் மூன்றும் ஒன்பது.

தப்பு, பாவம்,
காய்ச்சலில் போட்ட கணக்கோ என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே இருந்தபோது உறைத்தது.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
கல்கத்தாப் பெரியவர் ஒருவர் சீட்டில் எழுதிக் காட்ட
எட்டு மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு
பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் பின்னால் ஓடினேனே.
அவர்கள் நான்கு, நம் எட்டு போல் இருக்கும்.
அவர்கள் ஏழு, ஒன்பது போல்.

நாலும் மூன்றும் ஏழு.
கணக்கு சரி.

யார், எந்த அறை, ஊர் போய்ச் சேர்ந்ததா,
எதுவும் எழுதியில்லை.
எனக்கு முன்பே ஒரு குழந்தை
ரம்பமில்லாமல், உப்புத்தாளில்லாமல்
இந்த வேலையை முடித்துவைத்திருக்கிறது.

"இன்னா எழுதிகீது?" என்றாள் மகள்.
எனக்குத் தெரிந்த வங்காளம் மொத்தமே
காலையில், இரவில், காபார் பொரே.
"சாப்பாட்டுக்கு அப்புறம் விளையாடணும்னு போட்டிருக்கு."
நம்பி எழுந்தாள், தலையை இடித்துக்கொண்டாள்,
சாப்பிடப் போனாள்.

மீனுக்குக் கண் இல்லை.
என் காதில் பென்சில் இருந்தது.
வைக்கவில்லை.

மறுநாள் பார்த்தால்
சிவப்புக் கிரேயானில் இரண்டு கண்,
இரண்டும் ஒரே பக்கம்.